சுவரில் மோதும் முன்



ஸ்ரீவில்லிபுத்தூரில் நாம் ஓதிக்கொடுக்கும் மதரஸாவில் அஸருக்குப் பின் சிறுவர் வகுப்பு நடைபெறும். சென்ற மாதம் ஒரு மாலை, பன்னிரண்டு வயது மாணவன் ஒருவன் ரெஹாலுக்குக் கீழே கைப்பேசியை மறைத்து வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். நாம் அருகில் சென்று கையை நீட்டினோம். அவன் மறுக்கவில்லை. ஒரே ஒரு வேண்டுகோள்தான் வைத்தான்: "ஹஸ்ரத், நிறுத்தி வச்சுட்டுத் தந்துடறேன். இல்லன்னா நான் செத்துருவேன்."

வகுப்பே சிரித்தது. நாமும் உதட்டைக் கடித்துக்கொண்டோம். அவன் பொத்தானை அமுக்கி நிறுத்தும் வரை காத்திருந்து வாங்கினோம்.

சில ஆண்டுகளுக்கு முன்பென்றால் நாம் காத்திருந்திருக்க மாட்டோம். பறித்து அலமாரியில் பூட்டி, மறுநாள் தந்தையை வரச் சொல்லியிருப்போம். 2020 செப்டம்பர் 2ஆம் தேதி மத்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தபோது, அவற்றுள் பப்ஜியும் இருந்தது என்று நம் மாணவர்கள் மய்யித்து வீட்டில் அமர்ந்திருப்பவர்களைப் போல அமர்ந்திருந்தார்கள். நாம் அன்று அல்ஹம்துலில்லாஹ் சொன்னோம். அதற்காக இன்றும் வருந்தவில்லை. ஆனால் அந்த விளையாட்டுகளை எவரோ ஒருவர் உட்கார்ந்து எழுதுகிறார், அவருக்கும் ஒரு வீடும் தொழுகையும் மனச்சாட்சியும் இருக்கக்கூடும் என்பது அன்று நம் நினைவிலேயே இல்லை.

அதை நினைவூட்டியவர் நம்மிடம் ஓதிய ஒருவர். ராஜபாளையத்தில் ஒரு மக்தபில் நாம் புதிதாகப் பணியில் சேர்ந்தபோது அவர் சிறுவர். அவருடைய அத்தா ஸ்பின்னிங் மில் தொழிலாளி. படித்து முடித்து, பெங்களூரில் கணினி விளையாட்டுகள் செய்யும் ஒரு நிறுவனத்தில் நிரலாளராகச் சேர்ந்திருந்தார். முந்தைய ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறையில், ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் செல்லும் பேருந்தில் நம் பக்கத்தில் வந்து அமர்ந்தார். ஊருக்குத் திரும்பும்போது கொண்டுசெல்லப் பால்கோவா வாங்கப் போவதாகச் சொன்னார். அரைமணி நேரப் பயணம். பேச்சுக்கு ஏதேனும் வேண்டுமே என்று, "என்ன தம்பி, வேலை எப்படிப் போகுது?" என்று கேட்டோம்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பக்தாதில் ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்துதான் 'அல்காரிதம்' என்ற சொல்லே பிறந்தது என்று நம்மவர்கள் மேடைதோறும் சொல்லிப் பெருமைப்படுவதுண்டு. நாமும் மீலாது மேடைகளில் சொல்லியிருக்கிறோம். ஆனால் நாள் முழுவதும் அந்த அல்காரிதத்தை எழுதிச் சம்பளம் வாங்கும் நம் மாணவர் ஒருவரிடம் "நீ என்னதான் செய்கிறாய்?" என்று உட்கார்ந்து கேட்டது அதுவே முதல் தடவை.

அவர் சொன்னது நாம் எதிர்பார்த்ததாக இல்லை. துப்பாக்கி, வெடி, பேய் என்று ஏதோ சொல்வார் என்றிருந்தோம். அவரோ, "மூணு வாரமா ஒரு பையன் பள்ளத்தைத் தாண்டறதை மட்டும் எழுதிக்கிட்டிருக்கேன் ஹஸ்ரத்" என்றார்.

பிறகு விளக்கினார். திரையில் தெரிவது ஓடும் படமன்று. நொடிக்கு அறுபது தடவை புதிதாக வரையப்படும் நிலைப்படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் கணினிக்குக் கிடைப்பது ஏறத்தாழ 16 மில்லி நொடி. அதற்குள் பொத்தானை அமுக்கினார்களா என்று பார்த்து, அந்தப் பையன் எங்கே நிற்கிறான், காலடியில் தரை இருக்கிறதா, எதிரி தொட்டானா என்று கணக்குப் போட்டு, வரைந்து முடிக்க வேண்டும். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து. விளையாடுகிறவர் கையைக் கன்னத்தில் வைத்துச் சும்மா இருந்தாலும், நிரல் நொடிக்கு அறுபது முறை "அமுக்கினாரா? அமுக்கினாரா?" என்று கேட்டுக்கொண்டேயிருக்கும்.

இதில் ஒரு சிக்கல். மனிதக் கை எப்போதும் சற்றுப் பிந்துகிறது. பள்ளத்தின் விளிம்பு வரை ஓடி, சரியாக விளிம்பில் தாவ நினைக்கிறான் சிறுவன். அவன் விரல் அமுக்கும்போது கால் விளிம்பைத் தாண்டிவிட்டிருக்கும். கணக்குப்படி அவன் விழ வேண்டும். விழுந்தால், "நான் சரியாத்தான் அமுக்கினேன், இந்த கேம்தான் ஏமாத்துது" என்று கைப்பேசியை வீசுவான். அவன் கண்ணுக்கு அதுதான் உண்மை. ஆகவே நிரலாளர்கள் இரகசியமாக ஒரு சலுகை எழுதி வைக்கிறார்கள். கால் காற்றுக்குப் போன பின்பும் ஐந்தாறு படங்கள் வரை, அதாவது நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம், அவன் இன்னும் தரையில் நிற்பதாகவே கணக்கு வைத்துக்கொள்ளும். அதற்குள் அமுக்கிவிட்டால் தாவிவிடலாம். அப்படி ஒரு சலுகை கிடைத்தது என்பது விளையாடுகிறவனுக்குத் தெரியவே தெரியாது. தன் சாமர்த்தியத்தால் தாண்டியதாகவே எண்ணிக்கொள்வான்.

"அந்த எண்ணை நாலா வைக்கிறதா எட்டா வைக்கிறதான்னு எங்க குழுவுல ஒரு வாரம் சண்டை" என்றார். "ரொம்பக் கொடுத்தா காத்துல நடக்கற மாதிரி ஆயிடும். கொடுக்காம விட்டா பிள்ளைங்க அழுதுரும்."

நமக்கு உடனே நோக்கியா நினைவுக்கு வந்தது. மறைப்பானேன்? 2003இல் வெளிவந்த நோக்கியா 1100 நம்மிடமும் இருந்தது. இஷாவுக்குப் பின் விளக்கணைத்துப் படுத்துக்கொண்டு பாம்பு விளையாட்டு ஆடிய இரவுகள் பல. அதைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. 1997இல் நோக்கியா 6110 கைப்பேசிக்கு அந்தப் பாம்பை எழுதியவர் பின்லாந்து நாட்டின் தானெலி அர்மான்தோ என்றார். பாம்பு வேகமெடுத்த பிறகு சுவருக்கு முன்னால் திருப்புவது எவராலும் முடியாமல் போனதாம். எனவே, மோதும் கணத்துக்குச் சற்று முன்பு சில மில்லி நொடிகள் பாம்பு தயங்கும்படி அவர் எழுதிவைத்தாராம், விரலுக்கு அவகாசம் கிடைக்கட்டும் என்று. அத்தனை இரவுகளில் நாம் கடைசிக் கணத்தில் திருப்பித் தப்பியதெல்லாம் நம் விரலின் வேகத்தால் அன்று என்பது, இருபது ஆண்டுகள் கழித்து, கிருஷ்ணன்கோவில் பக்கம் போகும் ஒரு பேருந்தில் தெரியவந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் தெரியத் தொடங்கிய சமயம், அவர் சிரித்துக்கொண்டே, "நீங்க அஞ்சு மணிக்கு டாண்ணு கதவைச் சாத்திருவீங்களே ஹஸ்ரத், ஞாபகம் இருக்கா?" என்றார்.

இருந்தது. ஐந்து மணிக்குப் பின் வருபவர் வகுப்பு முடியும்வரை வாசலில் நிற்க வேண்டும் என்பது நாம் வைத்த சட்டம். அவர் வாரத்தில் இரண்டு மூன்று நாள் வாசலில் நிற்பார். விளையாடிவிட்டு வருகிறான் என்று நினைத்தோம். அத்தா கூடுதல் கூலிக்காக டபுள் ஷிஃப்ட் பார்க்கும் நாட்களில், மாலைச் சாப்பாட்டைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு சைக்கிளில் மில் வாசலுக்குப் போய், காவலாளியிடம் கொடுத்துவிட்டு ஓடி வருவாராம். ஐந்து மணிக்கும் அவருக்கும் இடையில் எப்போதும் ஐந்தாறு நிமிடம் இடைவெளி விழுந்துவிடும்.

"ஏன் சொல்லலை?" என்று கேட்டோம்.

"நீங்க கேக்கலையே ஹஸ்ரத்" என்றார். குறையாகச் சொல்லவில்லை. பேருந்து நிலையத்தில் இறங்கி, நம் கையிலும் ஒரு பால்கோவாப் பொட்டலத்தைத் திணித்துவிட்டுப் போனார்.

இத்துடன் முடிந்திருந்தால் இதை எழுத வந்திருக்க மாட்டோம்.

நான்கைந்து மாதங்களுக்குப் பின், ஓர் இரவு பத்தரை மணிக்கு அவரிடமிருந்து தொலைபேசி. குரல் இறங்கியிருந்தது. நிறுவனத்தில் அவரை வேறு பணிக்கு மாற்றியிருந்தார்கள். விளையாட்டுக்குள் ஒரு 'பரிசுச் சக்கரம்'. உண்மையான ரூபாய் கொடுத்து வைரக்கற்கள் வாங்க வேண்டும். கற்களைக் கொடுத்தால் சக்கரம் ஒரு முறை சுற்றும். பெரும்பாலும் ஒன்றுக்கும் உதவாத தொப்பியோ சட்டையோ விழும். எப்போதாவது அரிய பரிசு. சுழலத் தொடங்கும் முன்பே, எது விழப்போகிறது என்று கணினி ஒரு எண்ணை எடுத்து முடிவு செய்துவிடுகிறது. அதன் பிறகு சக்கரம் சுற்றுவதெல்லாம் வெறும் காட்சி. அந்தக் காட்சியை எழுதுவதுதான் அவர் வேலை. மேலிடத்து உத்தரவு: சக்கரம் வேகம் குறைந்து குறைந்து, அரிய பரிசின் மேல் ஏறக்குறைய நின்று, பிறகு மயிரிழையில் அடுத்த கட்டத்துக்கு நழுவ வேண்டும். அப்போதுதான் பிள்ளை "அடடா, இன்னும் ஒரே ஒரு தடவை" என்று மறுபடி காசு போடும்.

"பள்ளம் தாண்ட விடறதும் சில மில்லி நொடிதான். இந்தச் சக்கரத்தை நழுவ விடறதும் சில மில்லி நொடிதான். ரெண்டையும் எழுதறது இந்த ஒரே கை ஹஸ்ரத். இது கூடுமா, கூடாதா?"

நாம் முஃப்தி அல்லோம். இஸ்லாமியக் கல்வியில் பட்டயம் பெற்ற மதரஸா ஆசிரியர் மட்டுமே. எனினும் அந்தக் கேள்விக்குப் பதில் நமக்குக் கடினமாகத் தோன்றவில்லை. விளையாட்டு என்பதற்காகவே ஒன்று விலக்கப்படுவதில்லை. நபி (ஸல்) அவர்கள் தம் மனைவி ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் வைத்ததும், பள்ளிவாசலில் அபிசீனியர்கள் ஈட்டி விளையாடியதைப் பார்க்க அனுமதித்ததும் ஹதீஸ் நூல்களில் உள்ளவை. ஆனால் பொருளைக் கொடுத்து, கிடைக்குமா கிடைக்காதா என்று காத்திருக்கும் சூது, அதாவது மைஸிர், அல்மாயிதா அத்தியாயத்தின் 90ஆம் வசனத்தில் மதுவோடு சேர்த்துத் தடுக்கப்பட்டது. அதிலும் இது சிறுவர்களின் காசு. மார்க்கம் அறியாத நாடுகளுக்கே இது உறுத்தியிருக்கிறது: ஜப்பான் 2012இல் இவ்வகைச் சக்கரங்களில் ஒரு வகையைத் தடுத்தது, பெல்ஜியம் 2018இல் பணம் கொடுத்துத் திறக்கும் பரிசுப் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே அறிவித்தது. நம் மாநிலத்திலும் இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் பெற்றது. பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடுக்கும் சட்டம் 2025 ஆகஸ்டில் வந்தது. அவற்றின் பின்னால் எத்தனை வீடுகளின் அழுகை இருந்தது என்பதைச் செய்தித்தாள் படித்தவர்கள் அறிவார்கள்.

"கூடாது தம்பி. விட்டுவிடு" என்றோம். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அவர் "சரி ஹஸ்ரத், துஆச் செய்யுங்க" என்று வைத்துவிட்டார். நாம் நிம்மதியாக உறங்கினோம்.

ஏழு மாதங்கள் கழித்து, ஒரு ஜும்ஆவுக்குப் பின் அவருடைய அத்தாவைப் பள்ளிவாசல் ஹவுளுக்கு அருகில் கண்டோம். மில்லிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். பஞ்சுத் தூசியில் கழிந்த ஆண்டுகள் நெஞ்சில் இருமலாகத் தங்கிவிட்டிருந்தன. மகனைப் பற்றிக் கேட்டோம். சத்திரப்பட்டியில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் கணக்கெழுதுவதாகச் சொன்னார். நமக்குப் புரியவில்லை. மெல்ல மெல்லத்தான் விவரம் வந்தது. நம்மிடம் பேசிய மறுவாரமே அவர் வேலையை விட்டிருக்கிறார். வேறு வேலை கையில் இல்லை. வீட்டுக் கடன் தவணை ஓடிக்கொண்டிருந்தது. அக்காவின் நிக்காஹ் நாள் குறித்திருந்தார்கள். அதை நான்கு மாதம் தள்ளிவைத்தார்கள். ஏன் விட்டாய் என்று வீட்டில் கேட்டதற்கு, "பிடிக்கலை" என்பதற்கு மேல் சொல்லவில்லை. நம் பெயரை எடுக்கவேயில்லை. அத்தாதான் எப்படியோ ஊகித்திருக்கிறார்.

அவர் நம்மை ஒரு வார்த்தை குறை கூறவில்லை. "நீங்க சொன்னா கேப்பான் ஹஸ்ரத், சின்ன வயசிலேர்ந்து" என்று மட்டும் சொன்னார். அன்று மாலை வரை அந்தச் சொல் நம்மை உட்கார விடவில்லை.

நாம் சொன்ன பதில் தவறு என்று இன்றும் நினைக்கவில்லை. சூது சூதுதான். ஆனால் பதில் சொல்லும் முன் நாம் ஒன்றும் கேட்கவில்லை. உன் வீட்டு நிலை என்ன? அதே நிறுவனத்தில் பழைய வேலைக்கு மாற்றித் தரும்படி கேட்டுப் பார்த்தாயா? வேறு இடம் தேடும்வரை எத்தனை நாள் தாக்குப்பிடிக்க முடியும்? நீ எழுதுவதில் எந்தப் பகுதி சக்கரம், எந்தப் பகுதி அல்ல? ஃபத்வாவின் ஒழுங்குகளைச் சொல்லும் நூல்களில் கேட்பவரின் நிலையறிதல் ஆரம்பப் பாடம். நாம் அதை மாணவர்களுக்கு நடத்தியும் இருக்கிறோம். இரவு பத்தரை மணிக்கு அது நினைவுக்கு வரவில்லை. ஐந்து மணிக்குச் சாத்திய அதே கதவு.

மறுநாள் அவர்கள் வீட்டுக்குச் சென்றோம். வருத்தம் தெரிவிக்கத்தான் போனோம்; அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. "நீங்க சொல்லலைன்னாலும் விட்டிருப்பேன் ஹஸ்ரத். தூக்கம் வரலை. உங்ககிட்ட கேட்டது தைரியத்துக்கு" என்றார். அது உண்மையா, நம் மனம் நோகக் கூடாது என்று சொன்னதா என்பது நமக்குத் தெளிவாகவில்லை. இரண்டுமாக இருக்கலாம்.

தேநீர் வந்தது. பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, அவர் மடிக்கணினியைத் திறந்து ஒரு விளையாட்டைக் காட்டினார். பெயர் 'வெண்பா'. கனடாவின் டொரண்டோ நகரில் தமிழர் ஒருவர் தொடங்கிய சிறு குழு அதை உருவாக்கி 2023இல் வெளியிட்டது. மறு ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா விருதும் பெற்றது. அதில் துப்பாக்கி இல்லை, சக்கரம் இல்லை. 1980களில் கனடாவுக்குக் குடியேறிய ஒரு தமிழ்ப் பெண், தன் தாய் எழுதிக்கொடுத்த சமையல் குறிப்பேட்டை வைத்துச் சமைக்கிறாள். ஏட்டில் எழுத்துகள் அழிந்து போயிருக்கின்றன. விடுபட்டதை விளையாடுகிறவர் ஊகிக்க வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லா இட்லிக்கும் போகும் என்பதே ஒரு புதிர்.

அவருடைய அம்மா அடுக்களை வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கா கம்ப்யூட்டரு? ஓட்டையைப் பாத்து மாத்தி மாத்தி வைக்கணும். தட்டு மேல தட்டு நேரா வெச்சா நசுங்கிப் போகாதா?" என்றார். அவர் அப்படியே வைத்தார். இட்லி வெந்தது. அம்மா திரும்பவும் வந்து, அந்தக் கனடாப் பெண்ணின் மகன் தமிழ் பேசக் கூச்சப்படும் இடம் வரை நின்றே பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். அவருடைய மூத்த மகன் துபாயில் இருக்கிறார். பேரப்பிள்ளைகள் தொலைபேசியில் ஆங்கிலத்தில்தான் ஸலாத்துக்குப் பின் பேசுவார்கள் என்று முன்பொரு முறை சொல்லியிருக்கிறார்.

"இந்த மாதிரி ஒண்ணு எழுதணும் ஹஸ்ரத்" என்றார் நம் மாணவர். அந்த ஒன்றரை நிமிடத்தில் அவர் குரல் பேருந்தில் கேட்ட பழைய குரலாகியிருந்தது.

இரு மாதங்களுக்கு முன் அவருக்குச் சென்னையில் ஒரு சிறு நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கான விளையாட்டுகள். சக்கரம் கிடையாது, வைரக்கல் கிடையாது. ஆனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவில் விளம்பரம் வரும். எந்த விளம்பரம் என்பது அவர்கள் கையில் இல்லை. கூடுமா, கூடாதா என்று மறுபடி நம்மிடம் கேட்டார். "ஞாயிற்றுக்கிழமை லுஹருக்குப் பின் வீட்டுக்கு வா தம்பி, அந்த விளையாட்டையும் எடுத்துக்கொண்டு வா" என்றோம்.

வந்தார். நாம் ஒரு தாளில் கேள்விகளை எழுதி வைத்திருந்தோம். விளம்பரங்களில் சிலவற்றைத் தடுத்துவைக்கும் வசதி உண்டா? சம்பளம் எதிலிருந்து வருகிறது? சேர்ந்த பிறகு பிடிக்கவில்லையென்றால் எத்தனை மாத அறிவிப்பு? அக்காவின் நிக்காஹ் கடன் எவ்வளவு மிச்சம்? அவர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். சிலவற்றுக்குக் கேட்டுச் சொல்வதாகக் கூறினார். விளம்பர வருமானம் பற்றிய விவரத்தை எழுதி, நாம் ஓதிய காலத்தில் நமக்குப் பாடம் சொன்ன மூத்த ஆலிம் ஒருவருக்கு அனுப்பியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. அதுவரை முடிவு சொல்ல அவகாசம் தரும்படி நிறுவனத்திடம் கேட்டிருக்கிறார்; ஒரு மாதம் கொடுத்திருக்கிறார்கள்.

புறப்படும் முன், தாம் இரவுகளில் சொந்தமாக எழுதிவரும் ஒரு சிறு விளையாட்டைக் காட்டினார். முடியவில்லை, பாதிதான் இருக்கிறது. தூக்குவாளியோடு ஒரு சிறுவன் ஓடுகிறான். பின்னால் சஞ்சீவி மலை. வழியில் ஓடைகள், வேலிகள், குறுக்கே வரும் ஒரு ராஜபாளையத்து நாய். "ஆடிப் பாருங்க ஹஸ்ரத்" என்று பொத்தானைக் காட்டினார்.

வேலியைத் தாண்டினோம். நாயிடம் இருமுறை கடிபட்டோம். மூன்றாவது ஓடையில் விளிம்புக்கு வந்தபோது கண்ணாடி மூக்கில் இறங்கிவிட்டது. அதைச் சரிசெய்துவிட்டு அமுக்குவதற்குள் சிறுவனின் கால் தரையை விட்டுப் போய்விட்டதை நாம் தெளிவாகவே பார்த்தோம். சிறுவன் தாவினான். வாளி சிந்தாமல் அக்கரையில் இறங்கி ஓடினான்.

நாம் அவரைப் பார்த்தோம். அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.